தடுப்பூசி போட்டும் குட்டிகள் படுத்துவிட்டன, உள்ளே வேறு வைரஸ் இருக்குமா?

கேள்வி – மணலி புதுநகர் பண்ணை
வணக்கம். சின்ன வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் தாண்டிய குட்டிகளுக்கு சிஎஸ்எஃப் எனும் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டோம். ஐஸ் பெட்டியில் வந்த மருந்துதான், கலக்கிய கையோடு போட்டாயிற்று. மூன்று வாரத்தில் சில குட்டிகளுக்குக் காய்ச்சல், தீனி தொடவில்லை, மூச்சு வாங்குகிறது, தோல் வெளுத்து முதுகெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்துவிட்டன. ஊசிக்கு முன்பே சிலது இருமிக்கொண்டுதான் இருந்தன. மருந்தில் கோளாறா? மறுபடி போடலாமா? பார்க்கவே வயிறு எரிகிறது.

பதில் – கால்நடை மருத்துவர்
இப்போது போடாதீர்கள். சிஎஸ்எஃப் ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ், அது உடம்பில் கொஞ்சம் பெருகி, நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைக் கண்டுகொண்டால்தான் பாதுகாப்பு வரும். அந்த அணுக்களையே வேறு வைரஸ் கெடுத்துவைத்திருந்தால் நல்ல மருந்தும் வீண்தான். பன்றிகளுக்கு மூச்சுக் கோளாறும் கருச்சிதைவும் தருகிற பிஆர்ஆர்எஸ் வைரஸ், நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் அணுக்களுக்குள் புகுந்து பெருகும், குட்டிகளை இளைக்கவைக்கும் சர்க்கோவைரஸ் நிணநீர்க் கணுக்களில் லிம்போசைட்டுகள் எனும் எதிர்ப்பு வெள்ளை அணுக்களை வற்றவைக்கும். பிஆர்ஆர்எஸ் தொற்று இருக்கும்போதே சிஎஸ்எஃப் ஊசி போட்ட பன்றிகளுக்குப் பாதுகாப்பு சரியாகக் கிடைக்காததைத் தாய்லாந்து ஆய்வு காட்டியிருக்கிறது. நம் நாட்டில் பிஆர்ஆர்எஸ் 2013-இல் மிசோரமில் தலைகாட்டியது.

நீங்கள் சொல்கிற இளைப்பும் வெளுப்பும் எனக்கு சர்க்கோவைரஸை நினைவுபடுத்துகின்றன, ஆனால் கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம் பக்கம் நுழைந்ததிலிருந்து அது இல்லை என்பதையும் முதலில் உறுதிசெய்தாக வேண்டும், அது சிஎஸ்எஃப் அல்ல, வேறு வைரஸ், அதற்கு இங்கே தடுப்பூசியும் கிடையாது. காய்ச்சல் குட்டிகளின் ரத்தம், ஏதாவது செத்திருந்தால் மண்ணீரல், டான்சில், நிணநீர்க் கணு, நுரையீரல் எல்லாம் ஐஸில் வைத்து மாதவரம் பால்பண்ணை கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். நீங்களே அறுக்காதீர்கள், உங்கள் பகுதி அரசு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிசிஆர் எனும் வைரஸ் மரபணுச் சோதனை செய்யும்போது சிஎஸ்எஃப், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பிஆர்ஆர்எஸ், சர்க்கோ என நான்கு வைரஸுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சிஎஸ்எஃப் மட்டும் பார்த்தால் பாதி விஷயம்தான் தெரியும். முடிவு வரும்வரை ஒரு பன்றிகூட வெளியே போகக் கூடாது, விற்கவும் கூடாது.

பதில் – செங்குன்றம் பண்ணை
அண்ணா, ஒரே ஊசி முனையில் வரிசையாகப் போட்டிருந்தால் அடுத்த முறை மாற்றுங்கள். ரத்தம் வழியாக இந்த வைரஸ்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஓட்டல் மீதி போடுகிறீர்கள் என்றால் நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் போட வேண்டும்.

கேள்வி – மணலி புதுநகர் பண்ணை
நன்றி டாக்டர், நன்றி தம்பி. காய்ச்சல் குட்டிகளைத் தனிக் கொட்டிலில் விட்டாச்சு, மருத்துவரிடமும் பேசிவிட்டேன். பக்கத்துக் கொட்டிலில் தாயிடம் பால் குடிக்கிற குட்டிகள் இருக்கின்றன, அதுகளுக்காவது சீக்கிரமே போட்டுவிடலாமா?

பதில் – கால்நடை மருத்துவர்
தாய்க்கு ஊசி போட்டிருந்தால் அவசரப்படாதீர்கள். சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் ஊசி வைரஸைப் பெருகவிடாமல் அடக்கிவிடும், அது குறைய ஆறேழு வாரமாவது ஆகும். அப்போதும் காய்ச்சலோ இருமலோ இல்லாத குட்டிக்கு மட்டும் போடுங்கள். போட்ட மூன்று நான்கு வாரம் கழித்து சில குட்டிகளின் ரத்தத்தைக் கொடுத்தால் எதிர்ப்பொருள் வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆய்வக முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.