'கட்டாய உழைப்பு இல்லை' என்று சீல் வைக்கலாமா?

கோத்தகிரிக்காரன்:
பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கிற ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் தூளை எடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்பது பக்கப் படிவம் அனுப்பியிருக்கிறது. 'உங்களிடம் கட்டாய உழைப்பு உண்டா?' என்று ஒரு கேள்வி. போன வருடம் 'இல்லை' என்று டிக் அடித்து சீல் வைத்தது நான்தான்.

இந்தத் தடவை கை வரவில்லை. சனிக்கிழமை, இலை வாட்டும் இடத்தில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன் வந்தான். பேங்க் கணக்கு தொடங்க வேண்டுமாம். ஆதார் எங்கே என்றேன். மேஸ்திரியிடம் என்றான். பதினொரு பேருடைய ஆதாரும் மேஸ்திரியின் மஞ்சள் பையில் இருக்கிறது. ஊரில் தலைக்குப் பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார், அது கழியும்வரை யாரும் ஊருக்குப் போக முடியாது. அவர்கள் சம்பளத்தை ஒரே வவுச்சரில் மேஸ்திரி கையில் கொடுப்பதும் நான்தான். யாரும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. இதுவும் கட்டாய உழைப்பா? உண்மையை எழுதினால் ஆர்டர் போய்விடுமா?

குன்னூர் பழைய ஆடிட்டர்:
தம்பி, திருப்பூரில் பல வருடம் இந்த ஆடிட் வேலைதான் பார்த்தேன். பூட்டும் சங்கிலியும் இருந்தால்தான் என்றில்லை. ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அடையாளங்களில் அடையாள அட்டையைப் பிடித்து வைப்பதும் கடனில் கட்டிப்போடுவதும் உண்டு. நம் நாட்டிலேயே 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்கோ ஊருக்கோ போகவிடாமல் தடுத்தால் அது அதற்குள் வரும். அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கவே முடியாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பதும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. கூலி விகிதத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படிவம் ஏன் வருகிறது தெரியுமா? பிரிட்டனில் 2015 சட்டப்படி பெரிய கம்பெனிகள், தங்களுக்குச் சரக்கு வரும் இடங்களில் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று வருடா வருடம் அறிக்கை போட வேண்டும். ஜெர்மனியில் 2023-லிருந்து பெரிய கம்பெனிகள் இதுபற்றிப் புகார் சொல்ல ஒரு வழியும் வைக்க வேண்டும், தவறு தெரிந்தால் சரிசெய்யவும் வேண்டும். ஆனால் நான் பார்த்த ஆடிட்டில் பாதி, ஃபைலைப் புரட்டி டீ குடித்துவிட்டுக் கிளம்புவதுதான். மேஸ்திரியைத் தள்ளி நிறுத்தி, ஹிந்தி தெரிந்த ஒருவரை வைத்துத் தொழிலாளரிடம் தனியாகப் பேசினால்தான் மஞ்சள் பை வெளியே வரும். நீங்கள் உள்ளதை எழுதுங்கள். கூடவே எந்தத் தேதிக்குள் எதைச் சரிசெய்வோம் என்றும் எழுதுங்கள். ஒழுங்கான கம்பெனி அதைத்தான் கேட்கும். உடனே ஆர்டரை வெட்டினால் அந்தப் பதினொரு பேரும் இதே கடனோடு வேறு ஃபேக்டரிக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

கட்டபெட்டு விவசாயி:
ஆடிட்டர் அண்ணா சொல்வது சரி. ஆனால் அட்வான்ஸையும் மேஸ்திரி கமிஷனையும் யார் ஏற்பது? கம்பெனி தூள் விலையைக் குறைத்தால் ஃபேக்டரி எங்கள் இலையில் குறைக்கும், நாங்கள் பறிப்பவர் கூலியில் குறைப்போம். ஆள் கூட்டி வரும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்றால், வாங்குகிறவரும் அதில் பங்கு போட வேண்டும். படிவத்தில் அதையும் எழுதுங்கள்.

குன்னூர் பழைய ஆடிட்டர்:
நியாயம். முதலாளி மறுத்தால் குன்னூர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், தம்பி. விசாரித்து விடுவிக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது.

கோத்தகிரிக்காரன்:
முதலாளியிடம் பேசிவிட்டேன். முதலில் கத்தினார். சட்டத்தைச் சொன்னதும் மேஸ்திரியைக் கூப்பிட்டார். பை என் மேஜைக்கு வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆதாரைக் கொடுத்தேன். அந்தப் பையன் லேமினேஷன் பிரிந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, மேலே ஸ்வெட்டரின் பட்டனைப் போட்டுக்கொண்டான். இந்த மாதத்திலிருந்து பதினொரு வவுச்சர். அட்வான்ஸைத் தள்ளுபடி செய்ய மேஸ்திரி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. படிவம் டிராயரில் இருக்கிறது. அது முடியும்வரை சீல் வைக்கமாட்டேன்.