விதை ரொட்டி: மேலே பொந்து, அடியில் களி. எங்கே பிசகுகிறது?

வணக்கம். வீட்டில் விதை ரொட்டி சுடுபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அளவு: ஆட்டா 350 கிராம், மைதா 150, தண்ணீர் 360 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 9. விதைகள் மொத்தம் 100: ஆளி 30, மீதி சூரியகாந்தி, பூசணி, எள். ஆளியை மட்டும் 60 மி.லி. வெந்நீரில் தனியாக ஊறவைக்கிறேன். ஊறாமல் போட்டால் மாவின் ஈரத்தை இழுத்து ரொட்டி வறண்டுவிடும். மற்றவற்றை வறுத்து ஆறவிட்டு, பிசைந்து முடிக்கும்போதுதான் சேர்ப்பது. முதலிலேயே போட்டால் மாவு இழுபடாமல் அறுந்துபோகிறது.

ஓடிஜியில் (மேசை மின் அவன்) 200 டிகிரி, 40 நிமிடம். வாசனையும் மொறுமொறு மேல்தோலும் அபாரம்! வெட்டினால்தான் சங்கடம்: மேல்தோலுக்குக் கீழே பொந்து, அடியில் ஒரு விரல்கடை களி. நன்றாக ஆறிய பிறகே வெட்டுவதால், சூட்டில் வெட்டிய களி அல்ல.

அறை வெப்பம் 32 டிகிரி. இரண்டாம் உப்பலுக்கு 50 நிமிடம் அதிகமோ? பொந்துக்கு அதுதான் காரணம் என்று படுகிறது. களிக்கு என்ன செய்ய? ஆளி ஊறிய 60 மி.லி.யை மாவுத் தண்ணீரில் கழிப்பதா, உள்சூடு 96 டிகிரி தொடும்வரை சுடுவதா, ரொட்டி வைக்கும் தகரத்தை அவனின் கீழ்த்தட்டுக்கு இறக்குவதா? ஆட்டாவில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.