உதவி தேவை: விண்டோஸ் 11-க்கு மாற்றியதும் வேர்ட்பேட் காணாமல் போய்விட்டது, அப்பா கடை வேலை முழுக்க அதில்தான்

உசிலை டைப்பிங் கடை:
வணக்கம். உசிலம்பட்டியில் அப்பா சின்னதாக ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். கடைக் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் ஞாயிற்றுக்கிழமை நான்தான் போய்ப் பார்ப்பேன்.

இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது என்பதால் முதலில் ஒன்றை மட்டும் விண்டோஸ் 11-க்கு (24எச்2) ஏற்றினேன். ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. விண்டோஸோடு வரும், எழுத்து அடிக்கும் வேர்ட்பேட் நிரல் மட்டும் இல்லை. ஸ்டார்ட்டில் தேடினாலும் வரவில்லை. பழைய ஃபைலை கிளிக் செய்தால் எதில் திறக்க என்று கேட்கிறது.

இது ஏன் எங்களுக்குப் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் காதணி விழாப் பத்திரிகை என்றால் தாய்மாமன்மார், பங்காளிகள், சம்பந்திகள் என்று பெயர் வரிசையே பக்கம் பக்கமாக வரும். யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்பதில் சின்னப் பிசகு வந்தாலும் விழா வீட்டில் மனஸ்தாபம் வரும். அதனால் அப்பா ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஃபைல் வைத்திருக்கிறார். மூத்த பிள்ளைக்கு அடித்ததையே திறந்து, அடுத்த பிள்ளைக்குத் தேதியும் பெயரும் மாற்றிக் கொடுப்பார். எல்லாம் வேர்ட்பேடில் அடித்த ஆர்டிஎஃப் ஃபைல்கள், பாமினி எழுத்துரு. அவர் கைக்கு அந்தத் திரைதான் பழக்கம்.

லிப்ரே ஆபிஸ் போட்டுப் பார்த்தேன். பழைய ஃபைல் சரியாகத் திறக்கிறது. ஆனால் அப்பா புதிதாக அடிக்கும்போது 'அன்புடையீர்' என்பது 'ஆன்புடையீர்' என்று விழுகிறது. அவர் சரியாகத்தான் அடிக்கிறார், பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இன்னொரு கம்ப்யூட்டரில் வேர்ட்பேட் இன்னும் இருக்கிறது. அதன் இஎக்ஸ்இ ஃபைலை பென்டிரைவில் எடுத்து வந்து புதியதில் கிளிக் செய்தால் எதுவுமே நடக்கவில்லை, பிழைச் செய்திகூட இல்லை. இதைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? இரண்டாவது கம்ப்யூட்டரை ஏற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பைபாஸ் ரோடு:
இன்னும் பாமினியா? தனி எழுத்துரு இல்லாமலே எங்கும் படிக்கக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாறுங்கள். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. கூகுள் டாக்ஸில் அடித்தால் எந்த அப்டேட்டும் உங்களை ஒன்றும் செய்யாது.

கீழவாசல் சர்வீஸ்:
யூனிகோடு நல்லதுதான், ஆனால் அது அடுத்த வருடத்து வேலை. முகூர்த்த நாளில் வாசலில் ஆள் நிற்கும்போது பெரியவரைப் புது விசைப்பலகை பழகச் சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

தங்கச்சி, உங்கள் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. விண்டோஸ் 95-இல் இருந்து வந்துகொண்டிருந்த வேர்ட்பேடை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில் எடுத்தும் விட்டது. அந்தப் பதிப்புக்கு ஏற்றும்போது ஏற்கெனவே இருக்கும் வேர்ட்பேடும் நீக்கப்பட்டுவிடும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலில் தேடினாலும் இனி கிடைக்காது.

ஆனால் பழைய வேர்ட்பேட் புது விண்டோஸில் நன்றாகவே ஓடும். இஎக்ஸ்இ மட்டும் போதாது, அவ்வளவுதான். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸோடு வரும் நிரல்களில் மெனு, பொத்தான் பெயர், செய்திகள் எல்லாம் தனியாக ஒரு எம்யூஐ ஃபைலில் இருக்கும். அது மொழியின் பெயரிட்ட உள் ஃபோல்டரில் கிடக்கும். அது இல்லையென்றால் நிரல் சத்தமில்லாமல் நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். பெயிண்ட், பழைய கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் இதே கதை.

பழைய கம்ப்யூட்டரில் சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் என்டி, ஆக்சஸரீஸ் என்று போங்கள். உள்ளே வேர்ட்பேட் இஎக்ஸ்இ, வேர்ட்பேட்ஃபில்டர் என்ற டிஎல்எல், 'இஎன்-யுஎஸ்' என்ற ஃபோல்டர் (அதற்குள்தான் எம்யூஐ) இருக்கும். ஆக்சஸரீஸ் ஃபோல்டரையே முழுசாகக் காப்பி எடுங்கள். உள்ளே இருக்கும் அமைப்பைக் கலைக்காதீர்கள். இஎக்ஸ்இ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, எம்யூஐ வேறொன்றிலிருந்து என்று கலக்கவும் கூடாது. இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் ஒன்றையொன்று ஏற்கும். சில கம்ப்யூட்டர்களில் அந்த மொழி ஃபோல்டர் 'இஎன்-ஜிபி' என்று இருக்கும். புதியதில் விண்டோஸின் மொழி வேறாக இருந்தால் திறக்காமல் போகலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் கம்ப்யூட்டரில் எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். புரோகிராம் ஃபைல்ஸில் பழைய இடத்திலேயே திரும்ப வைக்காதீர்கள். அடுத்த பெரிய அப்டேட் அந்த இடத்தில் மறுபடியும் கை வைக்கலாம். டி டிரைவில் 'பழைய நிரல்கள்' என்று உங்கள் சொந்த ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். அப்புறம் ஒரு ஆர்டிஎஃப் ஃபைலில் ரைட் கிளிக், ஓபன் வித், டி டிரைவில் உள்ள வேர்ட்பேடைக் காட்டி 'எப்போதும்' என்று கொடுத்தால் முடிந்தது.

ஏற்றி 10 நாள் ஆகவில்லை என்றால் இன்னொரு கம்ப்யூட்டரே தேவையில்லை. சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், பழைய ஆக்சஸரீஸ் அதற்குள் அப்படியே இருக்கும். 10 நாள் கழித்து விண்டோஸ் அதைத் தானாக அழித்துவிடும். அதுவும் போயிருந்தால் விண்டோஸ் 10-இன் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவும் வட்டின் முழு நகல் ஃபைல்) மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள 'இன்ஸ்டால்' என்ற பெரிய ஃபைலை 7-ஜிப் என்ற நிரலில் திறந்து அதே வழியில் எடுக்கலாம். தயவுசெய்து 'வேர்ட்பேட் இலவச டவுன்லோடு' என்று தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காதீர்கள். அப்படி இறக்கி வைரஸோடு என்னிடம் வந்த கம்ப்யூட்டர்கள் நிறைய.

திருமங்கலம் டிடிபி:
ஆன்புடையீர் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், இதில் வருடக்கணக்காக மாரடித்திருக்கிறேன்.

பாமினியில் திரைக்குத் தெரிவது தமிழ், கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஆங்கில எழுத்து. சிறிய எம் அடித்தால் அ, பெரிய எம் அடித்தால் ஆ. லிப்ரே ஆபிஸ், வேர்ட் இரண்டிலும் வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் உண்டு. ஆங்கிலம் என்று நினைத்து சிறிய எம்மைப் பெரிய எம் ஆக்கிவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது: சொல்லின் முதல் இரண்டு எழுத்தும் பெரியதாக இருந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கும். பாமினியில் 'பு' பெரிய ஜி, 'து' பெரிய ஜே. அதனால் 'புதுமனை புகுவிழா' என்று அடித்தால் 'புதமனை' என்று வரும். அது கண்ணில் படாமல் அச்சுக்குப் போனால் நஷ்டம் கடைக்குத்தான்.

வேர்ட்பேடில் ஆட்டோகரெக்டே கிடையாது. அடித்தது அடித்தபடி நிற்கும். உங்கள் அப்பா அதை விடாமல் வைத்திருந்தது ரொம்பச் சரி. புது விண்டோஸின் நோட்பேடில்கூட இப்போது ஆட்டோகரெக்ட் வந்துவிட்டது.

எதற்கும் லிப்ரே ஆபிஸையும் தயாராக வையுங்கள். டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் வாக்கிய முதலெழுத்து, இரட்டைப் பெரிய எழுத்து இரண்டையும் அணைத்துவிடுங்கள். மேற்கோள் குறியை வளைத்துப் போடுவதையும் அணைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் வேறு எழுத்தாகவோ கட்டமாகவோ விழும். என்றைக்காவது வேர்ட்பேட் ஓடாமல் போனால் வேலை நிற்காது.

எழுத்துருவையும் மறக்காதீர்கள். நீங்கள் செய்தது மேலேற்றம் என்பதால் பாமினி தப்பித்தது. ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டால் போய்விடும். ஃபைலில் எழுத்துருவின் பெயர்தான் இருக்கிறது, எழுத்துரு இல்லை. பாமினியின் டிடிஎஃப் (எழுத்துரு) ஃபைலையும் அதே 'பழைய நிரல்கள்' ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

ஜெய்ஹிந்த்புரம் போட்டோ:
பழைய விண்டோஸில் படம் பார்க்கும் நிரலான போட்டோ வியூவரைத் தேடி வருகிறவர்களுக்கும் ஒன்று: அதன் ஃபைல்கள் விண்டோஸுக்குள் இன்னும் இருக்கின்றன, ஜேபெக் படங்களோடு உள்ள இணைப்பைத்தான் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியல்) எடுத்துவிட்டார்கள். ஒரே தாளில் ஒன்பது சின்னப் படம் எடுக்க எனக்கு அதன் பிரிண்ட் பெட்டி போதும். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிரிண்ட் கொடுத்தால் 11-லும் அதே பெட்டி வருகிறது.

உசிலை டைப்பிங் கடை:
வேர்ட்பேட் வந்துவிட்டது! விண்டோஸ்.ஓல்டில் ஆக்சஸரீஸ் ஃபோல்டர் அப்படியே இருந்தது. டி டிரைவில் வைத்துத் திறந்தேன், ஒரே கிளிக்கில் ஓடுகிறது. அப்பா முதல் வேலையாக ஒரு 'புதுமனை புகுவிழா' அடித்துப் பார்த்தார், எழுத்து மாறவில்லை. கீழவாசல் அண்ணனுக்கும் திருமங்கலம் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.

ஒரு சந்தேகம். அப்டேட் நின்றுபோன நிரலை இப்படி ஓட்டுவது ஆபத்தா? பென்டிரைவில் நிறையப் பேர் மேட்டர் கொண்டுவருவார்கள்.

கீழவாசல் சர்வீஸ்:
நல்ல கேள்வி. ஆபத்து நிரலில் குறைவு, வெளியிலிருந்து வரும் ஃபைலில்தான் அதிகம். 2023-இல் வேர்ட்பேடில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். வேண்டுமென்றே தயாரித்த ஃபைலைத் திறந்தால் விண்டோஸ் கடவுச்சொல்லின் ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுத்த குறி) வெளியே போகும் வழி அது. அந்த அக்டோபர் அப்டேட்டில் அடைத்தும் விட்டார்கள். அதனால் காப்பி எடுப்பது எப்போதும் எல்லா அப்டேட்டும் முடித்த விண்டோஸ் 10-இலிருந்து இருக்கட்டும், அரதப்பழசான சிடியிலிருந்து வேண்டாம். இனி கண்டுபிடிக்கும் ஓட்டைக்கு உங்கள் காப்பியில் அடைப்பு வராது. அப்பாவின் சொந்த ஃபைல்களை வேர்ட்பேடில் திறங்கள். வாடிக்கையாளர் பென்டிரைவில் வருவதை லிப்ரே ஆபிஸில் திறங்கள், அதற்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது கம்ப்யூட்டருக்கு அவசரமில்லை. விண்டோஸ் 10-க்கு நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே பதியலாம். ஏற்றுவதற்கு முன் அதிலிருந்தும் ஆக்சஸரீஸ் ஃபோல்டர், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்பா ஸ்டிக்கி நோட்ஸ் பயன்படுத்துகிறாரா? அதில் போன் நம்பர் ஏதாவது இருந்தால் தனியாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பைபாஸ் ரோடு:
டிடிபி அண்ணன் சொன்ன ஆட்டோகரெக்ட் விஷயம் எனக்குத் தெரியாது, நான் சொன்னதைவிட அதுதான் சரி. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஓய்வு கிடைக்கும்போது பெயர்ப் பட்டியல்களை மட்டும் என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றி ஒரு காப்பி வையுங்கள். தடித்த எழுத்து, நடுவரி எல்லாம் போகும், ஆனால் பெயரும் வரிசையும் எந்த எழுத்துருவும் இல்லாமலே படிக்கக் கிடைக்கும்.

உசிலை டைப்பிங் கடை:
செய்கிறேன். அடிக்கடி வரும் குடும்பங்களின் ஃபைல்களிலிருந்து தொடங்குகிறேன். மாற்றியதை அப்பாவே பெயர் பெயராகச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக்சஸரீஸ் ஃபோல்டரும் பாமினியும் இப்போது இரண்டு பென்டிரைவில் இருக்கின்றன, ஒன்று கடையில், ஒன்று என்னிடம்.