ஓக் தரை: 80 கிரிட்டோடு நிறுத்தலாமா?

வணக்கம். எங்கள் வீட்டு ஓக் மரத்தரையில் பழைய வார்னிஷை எடுத்துத் தேய்க்கும் வேலை நடக்கிறது. 40, 60 கிரிட் (உப்புத்தாளின் சொரசொரப்பு எண்; எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) முடிந்து இப்போது 80இல் நிற்கிறது. வேலை செய்பவர், "இதுவே போதும், மேலே பூசினா கீறல் எல்லாம் மறைஞ்சிடும்" என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு கீறலை மறைக்காது. ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) அடித்தாலோ அது கீறலுக்குள் இறங்கி இன்னும் கறுப்பாகத் தெரியும். அதற்காக ரொம்ப நைசாகத் தேய்த்துவிட்டால் மரம் சாயத்தைச் சரியாக உறிஞ்சாது, அதனால்தான் தயக்கம்.

நடுப்பகுதி பரவாயில்லை, பெரிய மெஷின் மர ரேகையோடு ஓடியது. சுவரோரம்தான் கவலை. அங்கே ஓட்டிய சின்ன மெஷின் வட்ட வட்டமாகக் கோடு போட்டிருக்கிறது. டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரிகிறது.

அடர்நிற ஸ்டெயின் அடிக்கப்போகும் ஓக் தரைக்கு நீங்கள் 80இல் நிறுத்துவீர்களா, 100 வரை போவீர்களா? ஓரமும் நடுவும் ஒரே மாதிரி வர, ரேகைப் போக்கில் கையால் உப்புத்தாள் போட்டால் போதுமா, இல்லை ஆர்பிட்டல் சாண்டர் (சிறு வட்டங்களாக ஆடித் தேய்க்கும் கை மெஷின்) ஓட்டியே ஆகவேண்டுமா? பூச்சுகளுக்கு இடையே 220 போட நினைக்கிறேன், சரிதானே?

ஸ்டெயின் இறங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.