ஸ்லோவேனிய மொழியில் உருளைக்கிழங்கு ஏன் ஆண்பால்?

கோத்தகிரிக்காரி:
எங்கள் மாடி அறையில் ஸ்லோவேனியாவிலிருந்து வந்த கணவன் மனைவி ஒரு மாதமாகத் தங்கியிருக்கிறார்கள். சமையல் வேலைக்கு நடுவே அந்த அக்காவிடம் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொள்கிறேன். உருளைக்கிழங்கு 'க்ரோம்பிர்', டீ 'ச்சாய்', இரண்டும் ஆண்பாலாம். மேசை 'மீஸா' பெண்பாலாம். ஜன்னல் 'ஓக்னோ', அது ரெண்டுமில்லையாம். நமக்கு ஆள் என்றால்தானே அவன், அவள்? கிழங்கு எப்படி 'அவன்' ஆகும்? மனப்பாடம்தான் வழியா?

பூம்பாறைவாசி:
பொருளை விட்டுவிட்டு சொல்லின் முடிவைப் பாருங்கள் அக்கா. மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், 'ஆ' என்று முடிந்தால் பெண்பால், 'ஓ', 'ஏ' என்றால் மூன்றாம் பால். எங்கள் ஊர்ப் பூண்டும் அங்கே 'ச்செசென்', ஆண்பால். குன்று 'ஹ்ரிப்' ஆண்பால், பெரிய மலை 'கோரா' பெண்பால். உயரத்துக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரவு, 'நோச்', மெய்யில் முடிந்தும் பெண்பால். கார், 'அவ்தோ', ஓவில் முடிந்தும் ஆண்பால். இந்த மாதிரி கொஞ்சத்தை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

குன்னூர் வாத்தியார்:
முடிவு மட்டும் போதாதும்மா. ஆண்பாலுக்குள்ளேயே உயிர் உள்ளது, இல்லாதது என்று ஒரு பிரிவு இருக்கிறது, அது நமக்குப் புதிதே இல்லை. 'டீ குடித்தேன்' என்கிறோம், 'தம்பி பார்த்தேன்' என்று சொல்வோமா? 'தம்பியை' என்று ஐ வந்தே தீரும். அங்கேயும் ஒருமையில் டீயைக் குடித்தால் 'ச்சாய்' அப்படியே நிற்கும், சகோதரனைப் பார்த்தால் 'ப்ராத்' என்பது 'ப்ராதா' ஆகும், நாய் 'பெஸ்' என்பது 'ப்ஸா' ஆகும். எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், ஃபோர்ட் கார் வைத்திருக்கிறேன் என்றால் 'ஃபோர்தா', அதாவது கம்பெனிப் பெயரால் சொல்லும் காருக்கு உயிர் உண்டு, வெறும் 'அவ்தோ'வுக்குக் கிடையாது!

கோத்தகிரிக்காரி:
நன்றி சார், தம்பி. இன்னும் ஒன்று. 'நான் வேலை செய்தேன்' என்பதற்கு அந்த அக்கா 'தேலலா' என்றார், கணவரையும் சேர்த்து 'நாங்கள் ரெண்டு பேரும்' என்றபோதும் அதே 'தேலலா'தான். காதில் தப்பாக விழுந்ததா?

குன்னூர் வாத்தியார்:
சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒருமை, பன்மைக்கு நடுவே இருவருக்கென்றே இருமை அங்கே உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஆண்பால் இருமை, அதன் வடிவமும் ஒரு பெண்ணுக்கான வடிவமும் ஒன்றுதான். இரண்டு பேருமே பெண்கள் என்றால் 'தேலலி'. நீங்களும் அந்த அக்காவும் சேர்ந்து வேலை செய்ததைச் சொல்லும்போது அதைத்தான் சொல்ல வேண்டும்.