பள்ளியில் சுழல்காற்றுக்குக் கட்டும் அறை: ஒரு சொல் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் தாத்தா பாட்டிகளுக்கானது. சுழல்காற்று (டொர்னேடோ) எச்சரிக்கைச் சங்கு ஊதினால் வீட்டில் என்ன செய்வது, பள்ளியில் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவார்கள் என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். பள்ளியில் அதற்கென்றே கட்டும், ஆங்கிலத்தில் "சேஃப் ரூம்" எனப்படும் அந்த அறைக்கான சொல் மட்டும் கிடைக்கவில்லை.

போன ஆண்டு மே மாதம் என் மகளின் பள்ளி இருக்கும் பகுதிக்கு எச்சரிக்கை வந்தது. அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, "பாப்பா பள்ளிக்கூடத்துப் புயல் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறாள், கவலைப்படாதே" என்றேன். அம்மா வேதாரண்யம் பக்கம். 2018இல் கஜா புயல் அடித்தபோது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான்கு நாள் தங்கியிருந்தவர். "எத்தனை நாளைக்கு? மாற்றுத்துணி இருக்கா? சாப்பாடு யார் போடுவார்கள்?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். மகள் உள்ளே இருந்தது மொத்தம் இருபத்தைந்து நிமிடம். தவறு அம்மாவுடையது இல்லை, நான் சொன்ன சொல்லுடையது.

புயல் என்றால் நம்மவர்களுக்கு மூன்று நாள் முன்பே தெரியும். துறைமுகத்தில் கூண்டு ஏறும், வானொலி சொல்லும், மாடு கன்றை அவிழ்த்துவிட நேரம் இருக்கும். சுழல்காற்றுக்குச் சராசரியாகப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கிறது. வரிசையில் நின்று நடந்து, உள்ளே போய், கதவைப் பூட்ட அவ்வளவுதான் நேரம். அதனால்தான் அந்த அறை பள்ளிக்கு உள்ளேயே இருக்கிறது. பல பள்ளிகளில் தினமும் இசை வகுப்போ விளையாட்டோ நடக்கிற அறையே அதுவாக இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஆனால் சுவர் வேறு. அமெரிக்கப் பேரிடர் முகமையான ஃபீமா வகுத்துள்ள விதிப்படி, இந்தப் பகுதியில் அது மணிக்கு 400 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும். சோதனையில் ஏழு கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் எய்வார்கள். சட்டம் ஊடுருவி உள்ளே வந்துவிட்டால் அந்தச் சுவர் தேறாது. ஆளுக்கு ஐந்து சதுர அடி இடம், அதாவது உட்கார்ந்தும் நின்றும் ஒரு இரண்டு மணி நேரம் ஓட்டக் கணக்கிட்டது. கடலோரத்தில் பெரும்புயலுக்குக் கட்டும்போது ஆளுக்கு இருபது சதுர அடி, ஒரு நாள் முழுக்கத் தங்கக் கணக்கு. அம்மா நினைத்த "மையம்" இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், என்னை இதில் இழுத்துவிட்டதே அதுதான். 2013 மே 20 அன்று இங்கே ஓக்லஹோமாவின் மூர் நகரத்தில் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியைச் சுழல்காற்று தாக்கியது. அங்கே இப்படி ஒரு அறை இல்லை. ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகளைக் குனிய வைத்துத் தங்கள் உடம்பால் மூடினார்கள். ஏழு குழந்தைகள் இடிபாட்டில் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதே பள்ளியைத் திரும்பக் கட்டியபோது அறையையும் சேர்த்துக் கட்டினார்கள். இன்றும் அறை இல்லாத பள்ளிகள் உண்டு. அங்கே சன்னல் இல்லாத உள்தாழ்வாரத்தில் உட்கார வைப்பார்கள். இருப்பதில் நல்ல இடம் அதுதான், வேறு வழி இல்லாததால். இந்தத் தாழ்வாரத்தையும் அந்த அறையையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டால், "எங்கள் பள்ளியிலும் பாதுகாப்பு அறை இருக்கிறது" என்று பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க மாட்டார்கள். சொல் எவ்வளவு அழகு என்பதைவிட இந்த வேறுபாடு தெரிகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

நான் பார்த்த சொற்கள் இவை. "பாதுகாப்பு அறை" தாழ்வாரத்துக்கும் பொருந்திவிடும், காவலாளி அறைக்கும் பொருந்தும். "புகலிடம்" என்றால் நாடு விட்டு நாடு போவது நினைவுக்கு வருகிறது. "காப்பகம்" அநாதைப் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டது. "காப்பறை" எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பணமும் பத்திரமும் வைக்கும் அறைக்கு அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "ஒதுங்கறை" என்றும் யோசித்தேன். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்குவது நமக்குப் பழகிய பேச்சுத்தானே. ஆனால் கிராமத்தில் பெண்கள் ஒதுங்கப் போவது என்றால் பொருளே வேறு. என் அம்மா அதைக் கழிப்பறை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

மறுமொழி

தங்கைக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வாசித்தேன். நான் வன்னியில் படிப்பித்தவன். யாராவது உங்களுக்குப் "பதுங்கு குழி" என்று எழுதக்கூடும், அது நல்ல தமிழ்தான். ஆனால் தயவுசெய்து அதை எடுக்க வேண்டாம். எங்கள் பள்ளிக்கூட வளவில் பிள்ளைகளுக்கென்று பங்கர் வெட்டியிருந்தோம். மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து, மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். விமானச் சத்தம் கேட்டால் எல்லாரும் அதற்குள். உங்கள் துண்டறிக்கையை வாசிக்கப்போகிற அம்மம்மாமாரில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள். பேரப்பிள்ளை பதுங்கு குழிக்குள் என்று வாசித்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

காற்றின் பெயரிலும் கவனம். நீங்கள் சுழல்காற்று என்று எழுதியது நல்லது. சூறாவளி என்று போட்டால் எங்கள் ஆட்கள் 1978இல் மட்டக்களப்பை அடித்ததைத்தான் நினைப்பார்கள். உங்கள் ஊரில் புயல் என்பதை நாங்கள் சூறாவளி என்போம்.

என் மனதில் வருவது "அரண்". அரண் என்றால் கட்டி எழுப்பியது, தாக்குதலைத் தாங்குவது. தாழ்வாரத்தை ஒருவரும் அரண் என்று சொல்ல மாட்டார்கள். அரணறை என்று வைத்தால் என்ன? ஒரேயொரு தயக்கம்: அவசரத்தில் சொன்னால் "அரணை" மாதிரிக் கேட்கும். சின்னப் பிள்ளைகள் பல்லி வகை என்று நினைத்துவிடுவார்கள்.

*

மறுமொழி

ஐயா, மிக்க நன்றி. பங்கர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் எழுத முடியவில்லை. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இலங்கைக் குடும்பங்கள். பதுங்கு என்கிற வேர்ச்சொல்லே துண்டறிக்கையில் எங்கும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். "பதுங்குதல்" என்று இருந்ததைக் "குனிந்து உட்காருதல்" என்று மாற்றிவிட்டேன்.

அரணறை பொருந்துகிறது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது சில பள்ளிகள் வகுப்பறைக்குள்ளேயே உறுதியான அறை வைக்கின்றன. சுவரில் வெள்ளைப் பலகை போல மடிந்திருக்கும், இழுத்தால் விரிந்து அறையாகும். காற்றுக்கும் அதுவே, துப்பாக்கியோடு எவனாவது நுழைந்தாலும் அதுவே. பெயரில் புயலோ காற்றோ இருந்தால் இந்த இரண்டாவது பயன் விடுபட்டுப்போகும். அரணுக்கு எதிரி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வகையை "மடிப்பு அரணறை" என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

அரணை பற்றிய தயக்கம் நியாயமானது. நேற்று வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். சேர்த்துச் சொன்னபோது இரண்டு பேர் அரணை என்றே திருப்பிச் சொன்னார்கள். "அரண் அறை" என்று நடுவில் சற்று நிறுத்திச் சொன்னதும் சரியாகிவிட்டது. ஆகவே துண்டறிக்கையில் பிரித்தே எழுதப்போகிறேன். புணர்ச்சி விதி தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழகிய பிறகு சேர்த்து எழுதலாம்.

தாழ்வாரத்துக்குச் சொல் ஆக்கவில்லை. "அரண் அறை இல்லாத பள்ளியில் உள்தாழ்வாரத்தில் உட்கார வைப்பார்கள்" என்று நீட்டியே எழுதிவிட்டேன். அதற்கு ஒரு கம்பீரமான பெயர் கொடுத்தால் அதுவும் பாதுகாப்பானது என்று தோன்றிவிடும்.

அம்மாவிடமும் கேட்டேன். "பாப்பா அரண் அறையில் இருக்கிறாள் என்றால் என்ன புரிகிறது?" என்றேன். "கோட்டை மாதிரி சுவர் வைத்த அறையா?" என்றார். சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை.

பள்ளியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைத் தமிழில் இப்படி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், ஏப்ரலுக்கு முன் அச்சுக்குப் போக வேண்டும்:

"சுழல்காற்று எச்சரிக்கை. பிள்ளைகள் எல்லோரும் அரண் அறைக்குள் இருக்கிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது. எச்சரிக்கை நீங்கும்வரை யாரும் பள்ளிக்குக் கிளம்பி வர வேண்டாம். நீங்களும் வீட்டில் சன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விடுங்கள்."