திரையில் வெள்ளைப் புள்ளிகள்: முழுத் திரையையும் மாற்றத்தான் வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். மகளின் மடிக்கணினித் திரையில், வலது கீழ் ஓரமாகச் சில வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் உளுந்து அளவு. விளிம்பு கரைந்தாற்போல் மங்கலாக இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் பளிச்சென்று தெரிகின்றன, கறுப்புப் பின்னணியில் மறைந்துவிடுகின்றன.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசியில் பார்த்தேன், புள்ளியே இல்லை. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் தொலைக்காட்சியில் இணைத்தாலும் படம் சுத்தமாக வருகிறது. ஆகவே கோளாறு திரையில்தான். பிக்சல் பழுது என்றால் ஊசிமுனை அளவில், கூர்மையாகத் தெரியுமே! பின்னொளியைப் பரப்பும் தாள் அழுத்தம் பட்டு நசுங்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. தடித்த புத்தகங்களோடு பையில் வைத்து, நெரிசலான எல்ஆர்டி ரயிலில்தான் தினமும் போய்வருகிறாள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்தேன். டச்பேட் மேடாகவில்லை, மூடியும் சரியாகப் பொருந்துகிறது.

கடையில் முழுத் திரையையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தத் தாளை மட்டும் மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா? பிரிக்கும்போது உள்ளே தூசி புகுந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அவள் வரைகலை படிக்கிறாள்; நிறம் துல்லியமாகத் தெரியாவிட்டால் வேலையே ஓடாது. லோ யாட் பிளாசா கணினிக் கடை வளாகத்தில் நம்பிக்கையான பழுதுபார்ப்பவர் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.